குப்பை உள்ளே, பால் வெளியே

எங்க தொழில்ல புதுசா சேர்றவங்களுக்கு முதல் வாரத்துலயே சொல்லிக் கொடுக்கிற பழமொழி ஒண்ணு இருக்கு: கார்பேஜ் இன், கார்பேஜ் அவுட். உள்ளே குப்பையைப் போட்டா வெளியேயும் குப்பைதான் வரும், மெஷினைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. இந்த விதிக்கு அடங்காம பல ஆயிரம் வருஷமா ஓடிக்கிட்டிருக்கிற ஒரு மெஷின் உண்டுன்னா அது பசுமாடு.

யோசிச்சுப் பாருங்க. எண்ணெய் ஆட்டின சக்கை புண்ணாக்கு. நெல் தீட்டின மிச்சம் தவிடு. பருப்பு உடைச்ச மிச்சம் பொட்டு. சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் மாவு எடுத்தபிறகு மிஞ்சுற கிழங்குச் சக்கைக்குத் திப்பின்னு பேர், அதுவும் மாட்டுக்குத்தான். நம்ம வீட்டுக் கழனித் தண்ணி வரைக்கும் எதுவும் வீணாகிறதில்லை. ஐரோப்பாவுல பீர் காய்ச்சின தானியச் சக்கை, சர்க்கரைக் கிழங்குச் சக்கை. அமெரிக்காவுல ஜூஸ் பிழிஞ்ச ஆரஞ்சுத் தோல். மனுஷன் தின்ன முடியாத எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு மனுஷன் குடிக்கிற பாலைத் தருது.

எப்படி முடியுது? மாட்டோட முதல் வயிறான ரூமன், நூறு லிட்டருக்கு மேல கொள்ளுற ஒரு புளிக்கவைக்கும் தொட்டி. உள்ளே இருக்கிற கோடானு கோடி நுண்ணுயிர்கள்தான் நாரை உடைக்குது. மாட்டால தனியா அது முடியாது. தின்னதைத் திரும்ப வாய்க்குக் கொண்டு வந்து அசைபோடும்போது ஒரு நாளைக்கு நூறு லிட்டர் அளவுக்கு எச்சில் ஊறுது. அந்த எச்சில்ல இருக்கிற சோடா உப்புதான் தொட்டியில அமிலம் ஏறாம பாத்துக்குது. அசைபோடணும்னா நீளமான நார் வேணும், அதாவது வைக்கோலும் புல்லும். இந்தக் கடைசி வரியை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

"மாட்டுக்குப் போடு"ன்னு நாம சொல்றதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. மாட்டுக்கு உதவும், அதனால போடுங்கறது ஒண்ணு. நமக்குத் தொல்லை தீரட்டும், அதனால போடுங்கறது இன்னொண்ணு. வாயில வர்ற வார்த்தை ஒண்ணேதான். ஆனா முதல் அர்த்தத்துல இருந்து ரெண்டாவதுக்கு நழுவினப்ப எல்லாம் பெரிய விலை கொடுத்திருக்காங்க. அப்படி மூணு சம்பவங்கள்தான் இந்தப் பதிவு. ஒண்ணு அமெரிக்கா, ரெண்டு இங்கிலாந்து. கடைசியில நம்ம ஊருக்கும் வருவோம்.

1. நியூயார்க்கின் மொட்டைவால் மாடுகள்

1800களின் முதல் பாதியில நியூயார்க் நகரம் கிடுகிடுன்னு வளர்ந்தது. சுத்தி இருந்த புல்வெளி எல்லாம் வீடாச்சு. குழந்தைகளுக்குப் பால் வேணும், ஆனா குளிர்பதனம் கிடையாது. கிராமத்துப் பாலை ரயில்ல கொண்டு வர்றதே 1840களின் தொடக்கத்துலதான் ஆரம்பிச்சது. அதே நகரத்துல விஸ்கி ஆலைகள் நிறைய. சோளம், ரை மாதிரி தானியங்களைப் புளிக்க வச்சு, காய்ச்சி, சாராயம் எடுத்தபிறகு கொதிக்கக் கொதிக்க ஒரு குழம்பு மிஞ்சும். அதுக்கு ஸ்வில்னு பேர். தினமும் ஆயிரக்கணக்கான காலன் வரும். அதைக் கொட்ட இடம் வேணும்.

ரெண்டு பிரச்னையும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிச்சு. ஆலைக்குப் பக்கத்திலேயே கொட்டகை போட்டாங்க. ஆலையிலிருந்து மரக்குழாய் வழியா சூடான ஸ்வில் நேரா மாட்டுத் தொட்டிக்கு வந்தது. மாடு வச்சிருக்கிறவங்க ஒரு மாட்டுக்கு நாளுக்கு இத்தனை சென்ட்னு ஆலைக்காரருக்குக் காசு கொடுத்தாங்க. கழிவை அப்புறப்படுத்த ஆலைக்காரர் செலவு பண்ணவேண்டிய இடத்துல அவருக்கே வருமானம். எம்.பி.ஏ. படிச்சவங்க பாத்தா கை தட்டுவாங்க.

மாடுகள் கதி வேற. நெருக்கமான, காத்தில்லாத கொட்டகை. கட்டின இடத்தை விட்டு நகர முடியாது. பிரதான உணவே ஸ்வில், வைக்கோல் பேருக்குத்தான். நார் இல்லைன்னா அசை இல்லை, அசை இல்லைன்னா எச்சில் இல்லை, தொட்டியில அமிலம் ஏறும். பல் கொட்டியது, உடம்பெல்லாம் புண், பல மாடுகளுக்கு வாலே அழுகி விழுந்தது. மொட்டைவால் மாடுன்னே அதுக்குப் பேர் வச்சாங்க. ஆனா தண்ணியா குடிச்ச மாடு தண்ணியா நிறைய கறந்தது. நீலம் பாரிச்ச அந்தப் பாலுக்கு வெள்ளை நிறம் வரச் சுண்ணக்கட்டித் தூள், கெட்டியாக மாவு, மஞ்சள் சாயல் வர வெல்லப்பாகுன்னு கலந்தாங்க. வண்டியில "சுத்தமான கிராமத்துப் பால்"னு எழுதி வித்தாங்க.

இதை முதல்ல விரிவா எழுதினவர் ராபர்ட் ஹார்ட்லி. மதுவிலக்குக்காரர். சாராய ஆலைகளை எதிர்க்கப் போன இடத்துலதான் இந்த மாட்டுக் கொட்டகைகளைக் கவனிச்சார். 1842ல் பாலைப் பத்தியே ஒரு முழுப் புத்தகம் போட்டார். நகரத்துலயும் சுத்துவட்டாரத்துலயும் பத்தாயிரம் மாடு வரைக்கும் இப்படி வளருதுன்னு அவர் கணக்கு. புத்தகம் வந்தது, படிச்சவங்க படிச்சாங்க, ஸ்வில் ஓடிக்கிட்டேதான் இருந்தது.

பதினாறு வருஷம் கழிச்சு, 1858 மே மாசம், ஃபிராங்க் லெஸ்லி தன்னோட படப் பத்திரிகையில இதைத் தொடரா எடுத்தார். ஓவியர்களைக் கொட்டகைக்கே அனுப்பினார். எந்திரிக்க முடியாத மாட்டைக் கயிறு கட்டித் தூக்கி நிறுத்திப் பால் கறக்கிற படம் ஒண்ணு வந்தது. புத்தகம் செய்யாததைப் படம் செஞ்சது, ஊரே கொந்தளிச்சது. இந்தப் பாலால வருஷத்துக்கு 8,000 குழந்தைகள் சாகுதுன்னு அந்தக் காலப் பத்திரிகையில வந்தது. அதை யாரும் எண்ணிப் பாத்துச் சொன்ன கணக்குன்னு எடுத்துக்க வேண்டாம். அழுக்குத் தண்ணி, வெயில்ல புளிச்ச பால், வயித்துப்போக்குன்னு குழந்தை சாக அந்த ஊர்ல காரணம் நிறைய இருந்தது. ஆனா அந்தப் பட்டியல்ல இந்தப் பாலும் ஒண்ணுங்கறதுல டாக்டர்களுக்குச் சந்தேகம் இல்லை.

நகரசபை விசாரணைக் குழு போட்டது. மைக்கேல் டூமிங்கற நகரசபை உறுப்பினர் தலைமை. குழு போய்ப் பாத்துட்டு, கொட்டகைக்கு இன்னும் கொஞ்சம் காத்தோட்டம் வேணும், மத்தபடி பாலுக்கு ஒண்ணும் இல்லைங்கற ரீதியில அறிக்கை கொடுத்தது. உறுப்பினர்கள் மாட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி லெஸ்லி கார்ட்டூன் போட்டார். அவதூறு வழக்கு வரைக்கும் போச்சு. 1862ல்தான் நியூயார்க் மாநிலம் சட்டம் கொண்டு வந்தது, 1864ல் அதை இறுக்கிச்சு. ஹார்ட்லி புத்தகத்திலிருந்து கணக்குப் போட்டா இருபது வருஷம்.

ஆனா கதையில் எனக்குப் பிடிச்ச இடம் இதுக்கு அப்புறம்தான் வருது. அதே சாராயக் கழிவு இன்னைக்கு உலகத்தோட முக்கியமான மாட்டுத் தீவனங்கள்ல ஒண்ணு! அமெரிக்காவுல மக்காச்சோளத்துல எத்தனால் எடுத்தபிறகு மிஞ்சுறதைக் காயவச்சு டி.டி.ஜி.எஸ்.ங்கற பேர்ல விக்கிறாங்க, வருஷத்துக்கு 3 கோடி டன்னுக்கும் மேல. சோளத்தோட மாவுச்சத்து சாராயமா போயிடுது. மிச்சத்துல புரதம், கொழுப்பு, நார் எல்லாம் ஏறக்குறைய மூணு மடங்கா செறிஞ்சு நிக்குது. நல்ல வைக்கோலோட, மொத்தத் தீவனத்துல பத்து இருபது சதவீதம்னு அளந்து போட்டா மாடு நல்லாவே கறக்கும்.

ஆக, 1858ல் விஷம் பண்ணினது அந்தப் பொருள் மட்டும் இல்லை. மாட்டுக்கு எவ்வளவு வேணும்னு அளக்காம, ஆலைக்கு எவ்வளவு கழியணும்னு அளந்ததுதான் தப்பு.

2. வான்கோழி செத்தது, பாலுக்குள்ள பேர் வந்தது

ரெண்டாவது சம்பவம் மாட்டில் ஆரம்பிக்கல. 1960ல் இங்கிலாந்துல வான்கோழிக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாச் செத்தன. ஒரு லட்சத்துக்கும் மேல. என்ன நோய்னு தெரியாததால "வான்கோழி எக்ஸ் நோய்"னு பேர் வச்சாங்க. கிருமியைத் தேடினாங்க, கிடைக்கல. கடைசியில பாத்தா எல்லாப் பண்ணைக்கும் பொதுவா இருந்தது தீவனம். அந்தத் தீவனத்துல இருந்தது பிரேசில்ல இருந்து வந்த கடலைப் புண்ணாக்கு.

புண்ணாக்கு விஷம் இல்லை. அதுல பிடிச்ச பூசணம் விஷம். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ்ங்கற அந்தப் பூஞ்சையோட பேரைச் சுருக்கித்தான் விஷத்துக்கு அஃப்ளாடாக்சின்னு பேர் வச்சாங்க. கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோய் வரவழைக்கும்.

அடுத்து வந்த கேள்விதான் முக்கியம். இதே புண்ணாக்கை மாடும் திங்குதே? அந்த மாடுகளோட பாலைச் சோதிச்சாங்க. வான்கோழியைக் கொன்ன விஷத்தோட நெருங்கின சொந்தம் ஒண்ணு பால்ல இருந்தது. பால்ங்கறதுக்கான ஆங்கிலச் சொல்லோட முதல் எழுத்தையே வச்சு அதுக்கு எம்1னு பேர். மாடு தின்ன விஷத்துல சில சதவீதம் எம்1 ஆக மாறிப் பால்ல இறங்குது. காய்ச்சினாலும் போகாது, பாக்கெட்ல அடைக்க முன்னாடி சூடுபடுத்தினாலும் போகாது. நிறம் மாறாது, வாசனை வராது. நியூயார்க்ல கொட்டகை நாத்தமாவது தெருவுக்கு வந்தது. இதுல அந்த எச்சரிக்கைகூடக் கிடையாது.

நல்ல செய்தி ஒண்ணு உண்டு. பூசணத் தீவனத்தை நிறுத்தினா மூணு நாலு நாள்ல பால் தெளிஞ்சிடும். மாட்டுக்கு வைத்தியம் வேண்டாம், தொட்டியை மாத்தினாப் போதும்.

3. மாட்டுக்கு மாட்டையே போட்டது

மூணாவது உங்களுக்குத் தெரிஞ்சதுதான், மேட் கவ் நோய். ஆனா அது ஒரு பால்மாட்டுத் தீவனக் கதைங்கறது அவ்வளவா பேசப்படறதில்லை.

கசாப்புக் கூடத்துல மனுஷன் சாப்பிடற பாகம் போக எலும்பு, குடல், கொழுப்புன்னு ஏராளமா மிஞ்சும். அதை வேகவச்சுக் கொழுப்பைத் தனியா எடுத்துட்டு, மீதியைக் காயவச்சு அரைச்சா புரதம் நிறைஞ்ச மாவு. மாமிச எலும்பு மாவு. பல பத்தாண்டுகளா இது தீவனத்துல சேர்ந்துக்கிட்டிருந்தது. அதிகம் கறக்கிற மாட்டுக்குப் புரதம் அதிகம் வேணும்; சோயாவுக்குப் பதிலா இது கைக்குக் கிடைச்ச சரக்கு. தீவன மூட்டை மேல புரதம் இத்தனை சதவீதம்னு போட்டிருக்கும். அந்தப் புரதம் செடியில இருந்து வந்ததா மாட்டில் இருந்து வந்ததான்னு வாங்கற விவசாயிக்குத் தெரியாது.

1986 நவம்பர்ல இங்கிலாந்து கால்நடை ஆய்வுக்கூடம் புது நோயை இனங்கண்டது. மாடு நடுங்கும், தடுமாறும், விழும். மூளை ஸ்பாஞ்ச் மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும். ஜான் வைல்ஸ்மித்ங்கற கால்நடை மருத்துவர், எந்தெந்தப் பண்ணையில வருதுன்னு புள்ளிவிவரமா அலசினார். மாமிச எலும்பு மாவுதான் காரணம்னு 1987 முடியறதுக்குள்ள சொல்லிட்டார். பிழைத்திருத்தம் பண்றவன் பார்வையில சொல்றேன், அபாரமான வேலை. கிருமி என்னன்னே தெளிவாத் தெரியாத நிலையில, எது உள்ளே போச்சுங்கற பதிவை மட்டும் வச்சுக் கண்டுபிடிச்சார். கறிக்கு வளர்க்கிற மாட்டை விடப் பால் பண்ணை மாட்டுக்குத்தான் நோய் அதிகம் வந்தது. காரணம், பால் பண்ணைக் கன்னுக்குட்டிகளுக்குத்தான் சின்ன வயசுல இருந்தே அடர்தீவனம்.

1988 ஜூலைல அசைபோடற கால்நடைகளுக்கு அந்த மாவைப் போடக் கூடாதுன்னு தடை வந்தது. முடிஞ்சதுன்னு நினைச்சாங்க. முடியல. பன்றிக்கும் கோழிக்கும் அதே மாவு போடலாம், தடையில்லை. அதே ஆலை, அதே கலவை இயந்திரம், அதே குழாய். காலையில கோழித் தீவனம் ஓடின குழாய்ல மதியம் மாட்டுத் தீவனம். ஒரு கிராம் நோய்த்திசு போதும் ஒரு மாட்டுக்கு நோய் வரன்னு பின்னாடி வந்த சோதனைகள் காட்டின. தடைக்கு அப்புறம் பிறந்த மாடுகள்லயே 40,000க்கு மேல நோய் வந்தது.

1990 மே மாசம் வேளாண் அமைச்சர் ஜான் கம்மர், மாட்டுக்கறி பத்திரம்தான்னு காட்ட டி.வி. கேமரா முன்னாடி தன் 4 வயசு மகளுக்கு பர்கர் ஊட்டப் போனார். 1996 மார்ச் 20ல் சுகாதார அமைச்சர் ஸ்டீபன் டோரல் நாடாளுமன்றத்துல எழுந்து, இளைஞர்கள் 10 பேருக்கு வந்திருக்கிற புதுவித மூளை நோய்க்கு இந்த மாட்டு நோய் காரணமா இருக்க வாய்ப்பு அதிகம்னு சொன்னார். அதுக்கு அப்புறம்தான் அந்த மாவுக்கு எந்தப் பண்ணை விலங்குக்கும் போடக் கூடாதுன்னு முழுத் தடை.

கணக்கு இதுதான்: பிரிட்டன்ல நோய் உறுதியான மாடுகள் 1,80,000க்கு மேல. தடுக்கறதுக்காகக் கொன்னு எரிச்சவை 40 லட்சத்துக்கு மேல. மனுஷ உயிர் 178. செத்தவங்கள்ல பாதிக்கு மேல முப்பது வயசைத் தாண்டாதவங்க. பால் வழியா இந்த நோய் வர்றதா ஆதாரம் இல்லை, அது ஒண்ணுதான் ஆறுதல்.

வித்துக் காசு பாத்த அதே மாவை, அப்புறம் காசு கொடுத்து எரிக்க வேண்டியதாச்சு. மின் நிலையங்கள்ல எரிபொருளாகூட எரிச்சாங்க. கழிவுக்கு ஒரு செலவு உண்டு, அதை மாட்டு மேல எழுதி வச்சாலும் ஒரு நாள் நம்ம கணக்குக்கே திரும்பி வந்துடும்.

நம்ம தொட்டி

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை, நம்ம மாடு கடலைப் புண்ணாக்குதானே திங்குதுன்னு தோணலாம். அந்தக் கடலைப் புண்ணாக்குலதான் விஷயமே இருக்கு.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் நாடு முழுக்கப் பால் மாதிரி எடுத்துச் சோதிச்சது. 2019ல் முடிவு வெளியிட்டாங்க. மொத்தம் 6,432 மாதிரிகள். ஊர்ல எல்லாரும் பயப்படற யூரியா, சோப்புத்தூள் கலப்படம் எல்லாம் சேர்த்து ஒரு டஜன்தான் மாட்டிச்சு. ஆனா அஃப்ளாடாக்சின் எம்1 அளவுக்கு மீறி இருந்தது 368 மாதிரிகள்ல. மாநிலங்கள்ல முதல் இடம் நம்ம தமிழ்நாடு: 551ல் 88. இத்தனைக்கும் நம்ம நாட்டு வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பாவுல அதுல பத்துல ஒரு பங்குதான் அனுமதி.

இது யாரும் பால்ல கலந்தது இல்லை. தீவனம் வழியா வர்றதுன்னு ஆணையமே சொல்லிச்சு. சொசைட்டியில பால் ஊத்தும்போது கொழுப்பு பாக்கறோம், எஸ்.என்.எஃப். பாக்கறோம், அதை வச்சு விலை போடறோம். வீட்டுல அம்மா லாக்டோமீட்டர் இல்லாமலே விரல்ல தொட்டுத் தண்ணி கலந்திருக்குன்னு சொல்லிடுவாங்க. எல்லாருமே வெளியே வர்றதைத்தான் பாக்கறோம். உள்ளே போறதை யாரும் பாக்கறதில்லை.

ரெண்டு மாடு வச்சிருக்கிற ஆளைக் குத்தம் சொல்லவும் முடியல. பால் செலவுல பாதிக்கு மேல தீவனச் செலவு. மழையில நனைஞ்ச மூட்டை விலை குறைவாக் கிடைக்கும். ஓரத்துல பச்சையாப் பூசணம் பூத்திருக்கும். தூக்கிப் போட்டா நஷ்டம் அவருக்கு. மாட்டுக்குப் போட்டா நஷ்டம் யாருக்குன்னு தெரியாது. பூசணம் இல்லாத தீவனம் போட்டுக் கறந்த பாலுக்கு லிட்டருக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்கற ஏற்பாடு இல்லாத வரைக்கும், "மாட்டுக்குப் போடு"ன்னா ரெண்டாவது அர்த்தம்தான் ஜெயிக்கும்.

இப்ப இன்னொண்ணும் சேர்ந்திருக்கு. பெட்ரோல்ல கலக்க இந்தியாவுல அரிசி, மக்காச்சோளத்துல எத்தனால் எடுக்கிற ஆலைகள் பெருகியிருக்கு. அதோட மிச்சமான டி.டி.ஜி.எஸ். புண்ணாக்கை விட மலிவா தீவனச் சந்தைக்கு வருது. மேல சொன்னேனே, புரதம் மூணு மடங்கு செறியும்னு? சோளத்துல பூசண விஷம் இருந்தா அதுவும் கிட்டத்தட்ட மூணு மடங்கு செறியும். நியூயார்க்கோட முதல் கதையும் வான்கோழியோட ரெண்டாவது கதையும் ஒரே மூட்டைக்குள்ள உக்காந்திருக்கு.

கழிவைத் தீவனமாக்காதீங்கன்னு நான் சொல்ல வரல. அது இல்லைன்னா நம்ம ஊர்ல பாதி மாடு பட்டினி, பாலும் யானை விலை. காய்ஞ்ச இடத்துல, தரையில படாம பலகை மேல மூட்டையை அடுக்கறது, பூசணம் பிடிச்ச கட்டியைக் குப்பைக்கே அனுப்பறது, கலப்புத் தீவன மூட்டை மேல எதுல இருந்து செஞ்சதுன்னு எழுதச் சொல்றது, பால் கொள்முதல்ல அப்பப்ப எம்1 சோதிச்சு எந்த ஊர் எந்தத் தீவனம்னு பின்னாடி போய்ப் பாக்கறது. ராக்கெட் விஞ்ஞானம் ஒண்ணும் இல்லை. வைல்ஸ்மித் செஞ்சது கடைசியில இதுதானே?

மாடு வாய் பேசாது, போட்டதைத் தின்னும். குப்பை உள்ளே போய்ப் பால் வெளியே வர்ற அந்த மெஷினுக்கு எரர் மெசேஜ் கிடையாது. ஏதாவது தப்பாப் போச்சுன்னா முதல்ல குழந்தையோட டம்ளர்லதான் தெரியும், சில சமயம் அங்கேயும் தெரியாது.

உங்க வீட்டுல மாடு இருந்தா, இல்லை இருந்த காலம் ஞாபகம் இருந்தா, தொட்டியில என்னென்ன போட்டாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. திப்பி மாதிரி எனக்குத் தெரியாத பேர் ஊருக்கு ஊர் இன்னும் நிறைய இருக்கும், ஒரு பட்டியல் போட்டு வைப்போம்.